ஓய்வுபெற்ற விண்கலக் குழு மறுபடி கிளம்பும் கதை: எங்கே மக்கர் செய்கிறது, எப்படிச் சரிசெய்வது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடிக் கதை படிப்போம். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், ஒரு தலைமையாசிரியை, முதுநகர் துறைமுகத்தில் கப்பல் என்ஜின்களோடு காலம் தள்ளியவர். அறிவியல் கதை எழுதி வாருங்கள் என்றால் ரோபோவாக வந்து குவியும் என்று நினைத்தேன். வந்தது வேறு. முப்பது வருடத்துக்கு முன் ஒரே கலத்தில் பறந்த ஐந்தாறு பேர், இப்போது தலை நரைத்தவர்கள், கடைசியாக ஒரு முறை மேலே போகிறார்கள். இப்படி இருபதுக்கும் மேல் திருத்திக் கொடுத்துவிட்டேன். ஆட்கள் மாறுவார்கள், கோள் மாறும், கோளாறு மட்டும் மாறாது.

அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் கதையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எதிலும் செலவு குறைந்த சோதனை முதலில் வரும். ஒரு வரியை அடித்தால் தீர்கிற விஷயத்துக்கு முழுக் கதையையும் பிரித்துப் போடாதீர்கள். திரும்பக் கோப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

அறிகுறி: ஆறு பக்கம் போயும் கலம் தரையிலேயே நிற்கிறது

ஆள் சேர்க்கும் படலத்தில்தான் அடைப்பு. கேப்டன் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். காபி வருகிறது. "அதையெல்லாம் விட்டுட்டேன் சார்" என்கிறார் வீட்டுக்காரர். கேப்டன் எழுந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, "எப்ப கிளம்பணும்?" என்று பின்னாலிருந்து குரல். அடுத்த வீடு. மறுபடி காபி.

முதல் சோதனை: காபிகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மிச்சத்தை அடியுங்கள். மூன்று பேர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்க, நாலாவது ஆள் இன்னும் வரவில்லை என்ற இடத்தில் கதையைத் தொடங்குங்கள். பாதிக் கதைகள் இதிலேயே கிளம்பிவிடும்.

கிளம்பவில்லையா? மறுக்கிறவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். "வயசாயிடுச்சு" என்பது காரணமே இல்லை, எல்லோருக்கும்தான் ஆகியிருக்கிறது. பேத்திக்கு அடுத்த மாதம் காதுகுத்து, தாய்மாமன் வெளிநாட்டில், இவர் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும் என்றால் அது காரணம். அதைத் தாண்டி அவர் வருகிறார் என்றால் எதையோ விட்டுவிட்டு வருகிறார் என்று தெரியும்.

கூடும் காட்சியே நாடகம் மாதிரி இருக்கிறதா? அதற்கு ஒரு பஸ் டிக்கெட் செலவாகும். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போங்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் போர் நினைவிடத்துப் பக்கம் பதக்கம் குத்திய கோட்டோடு வந்திருப்பார்கள். பக்கத்தில் போய் நின்று காது கொடுங்கள். நான் நின்ற வருடம், பதக்கம் நாலு தொங்கிய ஒரு பெரியவர் இன்னொருவரிடம் சர்க்கரை மாத்திரையின் விலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். போர் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் பேசிக்கொண்டே அடுத்தவரின் கோட்டுப் பொத்தானை, அது தப்பாகப் போட்டிருந்ததால், கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். அந்த மற்றவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் கதையில் "நம் பழைய நாட்களை மறக்க முடியுமா!" என்று யாராவது சொன்னால் அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை வையுங்கள்.

அறிகுறி: "இவங்களே ஏன் போகணும்?" என்று கேட்டுவிடுகிறார்கள்

இந்தக் கேள்வி மாடியில் எழுந்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். செலவு அதிகமான பழுது இதுதான்.

சோதனை எளிது. ஐந்து கிழவர்களையும் இறக்கிவிட்டு, 28 வயதில் ஐந்து பேரைக் கலத்தில் ஏற்றிப் பாருங்கள். கதை அப்படியே ஓடுகிறதா? அப்படியானால் உங்கள் பயணத்துக்கு அந்தக் கிழவர்கள் தேவையே இல்லை. நரை வெறும் மேக்கப்.

மலிவான வழி: கையில் மட்டும் இருக்கும் ஒரு தொழிலை யாராவது ஒருவருக்குக் கொடுங்கள். 1985 பிப்ரவரியில் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையம், உள்ளே ஆள் இல்லாத சமயத்தில், பேச்சுமூச்சில்லாமல் போனது. முந்தின வருடம் ஏப்ரலில்தான் நம் ராகேஷ் சர்மா அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்திருந்தார். பதிலே சொல்லாத நிலையத்தோடு தானியங்கி முறையில் போய் இணைய முடியாது. ஏற்கெனவே கையால் ஓட்டி இணைத்த அனுபவம் இருந்ததால் விளாதிமிர் ஜானிபெகோவை அனுப்பினார்கள், கூட விக்தர் சவினிக். ஜூனில் உள்ளே நுழைந்தால் சுவரில் பனி, தண்ணீர் உறைந்து கிடக்கிறது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, சூரியத் தகடுகளை பேட்டரிகளோடு நேரடியாகக் கோத்து மின்சாரம் ஏற்றி, நிலையத்தை எழுப்பினார்கள். ஜானிபெகோவுக்கு அப்போது 43 வயதுதான், கிழவர் இல்லை. ஆனால் "இந்த ஆள்தான் வேணும்" என்று எப்படிச் சொல்ல வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அது பொருந்தவில்லையா? அப்புறம் இயந்திரத்தையே பழசாக்குங்கள். 1977-ல் கிளம்பிய நாசாவின் வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் அர்த்தமில்லாத எண்களாக அனுப்ப ஆரம்பித்தது. பல வருடத்துக்கு முந்தைய காகிதங்களைப் புரட்டி, பழுது ஒரே ஒரு நினைவகச் சிப்பில் என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களில் குடிவைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது மறுபடி ஒழுங்காகப் பேசியது. ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. உங்கள் கலத்தின் கையேட்டை எழுதிய ஆளே குழுவில் இருந்தால், அதுவும் பாதியை எழுதாமல் மனசில் வைத்துக்கொண்ட ஆளாக இருந்தால், யாரும் "ஏன் இவர்?" என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டும் ஒட்டவில்லை என்றால் பயணம் போகும் இடத்தையே மாற்ற வேண்டும், பாதிக் கதை போய்விடும். அவர்கள் முன்பு பாதியில் திரும்பிய இடத்துக்கு அனுப்புங்கள். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ல் போன லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் நிலவில் இறங்க முடியாமல், அதைச் சுற்றிக்கொண்டு உயிரோடு திரும்பினார்கள். மூவரில் ஒருவர்கூட அதற்கப்புறம் விண்வெளிக்குப் போகவில்லை. இப்படி ஒரு பாதி வழி உங்கள் ஆட்களுக்கும் இருந்தால் காரணத்தை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி: எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்

பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு உரையாடலை மட்டும் உரக்கப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

அழைப்பில் ஆரம்பியுங்கள். எல்லோரும் எல்லோரையும் "கேப்டன்", "என்ஜினியர்" என்று பதவி சொல்லிக் கூப்பிடுகிறார்களா? நம் மொழியில் வாங்க, வா, வாடா மூன்றுக்கும் நடுவில் ஒரு குடும்பச் சரித்திரமே அடங்கும். அதைப் பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அன்றைக்கு 22 வயதுப் பயிற்சிப் பையன் இன்றைக்கு 52 வயதுப் பெரிய அதிகாரி. அன்றைக்கு அவனை வாடா போடா என்றவர்கள் இன்று எப்படிக் கூப்பிடுவார்கள்?

எங்கள் தலைமையாசிரியை இதை ஒரே நூலில் கோத்தார். கலத்தின் சமையல்காரர் பைலட்டைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய பயணத்தில் அவனைத் தம்பி என்பார். முப்பது வருடம் கழித்துப் பார்க்கும்போது பைலட் காரில் வந்து இறங்குகிறான், சமையல்காரர் "வாங்க சார்" என்கிறார். பைலட் முகம் சுருங்குகிறது. கதை முழுக்க சார்தான். கலத்தின் பின்னறையில் காற்று கசிந்து, கதவை மூட ஆறு நொடி இருக்கும்போது அவர் கத்துகிறார்: "டேய் தம்பி, மூட்றா!" இந்த வரியை அவர் படித்தபோது மாடியில் பேச்சில்லை. கீழே தெருவில் போன ஐஸ் வண்டி மணிதான் கேட்டது.

அழைப்பு சரியாக இருந்தும் குரல் ஒன்றாக இருந்தால், ஆட்கள் வசனம் பேசுகிறார்கள் என்று பொருள். "தோழரே, விண்மீன்கள் நம்மை அழைக்கின்றன" என்று கடலூரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதற்கு ஆள் வேண்டும் என்றால் வீட்டிலேயே கிடைப்பார். கதையை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே சிரிக்கக்கூடாதோ அங்கே சிரித்தால் அந்த வரி போக வேண்டும்.

அறிகுறி: எழுபது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுபோலத் தாவுகிறார்

முதலில் அந்த இளமை மாத்திரையை எடுத்துவிடுங்கள். எப்படியும் ஒரு மாத்திரை இருக்கும். அது தேவையே இல்லை. 1962-ல் பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் கிளென், 1998 அக்டோபரில் 77 வயதில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் மறுபடி போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தார். விண்வெளி வீரர் டான் பெட்டிட் 220 நாள் மேலே இருந்துவிட்டு 2025 ஏப்ரல் 20 அன்று தரையிறங்கினார்; அன்றைக்கு அவருக்கு 70-வது பிறந்தநாள். போகலாம். போனால் உடம்பு என்ன பாடுபடும் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரை போனதும் வலிகளை இடம் மாற்றுங்கள். மேலே எடை தாங்கும் வேலை இல்லாததால் முழங்கால் வலி அடங்கும். மூட்டுவலிக்காரருக்கு அது சொர்க்கம். ஆனால் முதுகுத்தண்டு நீண்டுகொள்வதால் முதல் சில நாள் இடுப்பு கழன்றுபோகும். உடம்பின் நீர் தலைப்பக்கம் ஏறி முகம் உப்பும், மூக்கு அடைத்த மாதிரி இருக்கும், நாக்குக்கு ருசி மங்கும். விண்வெளிக்காரர்கள் காரத்தைத் தேடுவது அதனால்தான். ஆக உங்கள் குழுவின் பூண்டு ஊறுகாய் ஜாடிக்குக் கதையில் வேலை கிடைத்துவிட்டது. எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும். அதற்காகத் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. அதைச் செய்ய மறுக்கும் பிடிவாதக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

கிளை: இதற்கு நேர்மாறாக, கதை மருந்துச் சீட்டாகிவிட்டது

ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதி என்று பட்டியல் போட்டிருப்பீர்கள். ஒன்றை வையுங்கள், மற்றதைக் கழியுங்கள். வைத்த ஒன்று ஒரு காட்சியிலாவது வேலையைக் கெடுக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் மிதந்து போய்விடும் என்பதை நெய்வேலிக்காரர் தன் கதையில் எழுதினார். அவருடைய என்ஜினியர் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்க, வால்வுக்குக் குனியும்போதெல்லாம் அது மேலே கிளம்பி நெற்றியில் இடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டரிடம் போக வேண்டிய கட்டம்: மாரடைப்போ அறுவையோ கதையின் நடுவில் வந்தால். தரையில் செய்வதுபோல மார்பை அழுத்தினால் அழுத்துகிறவர்தான் மேலே போவார். நோயாளியைக் கட்டிவிட்டு, உதவுபவர் தலைகீழாக நின்று, கால்களை எதிர்ச்சுவரில் ஊன்றிக் கையால் அழுத்தும் முறை இருக்கிறது. இதற்கு மேல் எனக்குக் கேட்டுத்தான் எழுத வேண்டும், உங்களுக்கும் அப்படித்தான்.

அறிகுறி: முப்பது வருடம் நின்ற கலம், சாவி போட்டதும் உறுமுகிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். தடை முடிகிற வாரம் முதுநகர்த் துறைமுகப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பேட்டரி இறங்கிக் கிடக்கும், டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், தண்ணீரிலேயே நின்ற படகின் அடியில் சிப்பி பிடித்திருக்கும். இரண்டு மாதத்துக்கே இந்தப் பாடு. உங்கள் கலம் முப்பது வருடம் நின்றிருக்கிறது.

ஒரு பத்தி செலவு: பேட்டரி செத்தது, ரப்பர் அடைப்புகள் காய்ந்து வெடித்தன, மசகு கட்டியானது. இவற்றில் இரண்டைச் சொல்லிவிட்டு நகரலாம். ஒரு காட்சி செலவு: உதிரிப்பாகம் தேடுவது. 2002-ல் நாசாவே, விண்வெளி ஓடம் சம்பந்தப்பட்ட பழைய சோதனைக் கருவிகளுக்காக 8086 என்ற பழைய கணினிச் சிப்புகளை இணைய ஏலத்தில் தேடி வாங்கியிருக்கிறது. உங்கள் ஆட்கள் பழைய இரும்புக் கடையில் தேடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னும் சப்பென்று இருக்கிறதா? கடைசிவரை சரியாகாத ஒரு பாகத்தை வையுங்கள். துறைமுகக்காரரின் கதையில் ஒரு எச்சரிக்கை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பழைய பயணத்திலும் எரிந்ததுதான், அப்போதே யாரோ அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். முப்பது வருடம் கழித்து வந்தால் பிளாஸ்திரி மட்டும் உதிர்ந்திருக்கிறது.

என்ஜின் விவரம் அரைப் பக்கத்தைத் தாண்டும் என்றால் அந்த மாதிரி ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் துறைமுகக்காரர் ஒரு டீக்கு இரண்டு கதை பார்த்துக் கொடுப்பார். திட்டு தனி.

அறிகுறி: செவ்வாய்க்குப் பக்கத்திலிருந்து வீட்டுக்குப் போன் பேசுகிறார்கள்

சுருக்கமான பழுது. நிலவிலிருந்து குரல் வந்து சேர 1.3 நொடி ஆகும், அங்கே பேசலாம். செவ்வாயிலிருந்து, அது பூமிக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். "ஹலோ" சொல்லிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வரலாம். உரையாடலைப் பிரித்து, பதிவு செய்து அனுப்பும் செய்தியாக்குங்கள். சண்டையாக இருந்தால் இன்னும் நல்லது. மனைவி சமாதானமாகிவிட்ட பிறகும் புருஷனுடைய பழைய கோபம் வந்துகொண்டே இருக்கும்.

அறிகுறி: கேப்டன் இன்னும் கேப்டனாகவே இருக்கிறார்

எழுதுகிறவர் வேலையில் மேலதிகாரியாக இருந்திருந்தால் இந்தக் கோளாறு கட்டாயம் வரும். என் கதையிலும் வந்தது. பழைய கேப்டன் கட்டளையிட, முப்பது வருடம் உலகம் பார்த்துவிட்டு வந்த ஐந்து பேரும் "சரி கேப்டன்" என்கிறார்கள். நம்ப முடிகிறதா?

கிளென் 1998-ல் தளபதியாகப் போகவில்லை. தளபதி நாற்காலியில் இருந்தவர் கர்ட்டிஸ் பிரவுன், வயது 42. கிளென் முதலில் பூமியைச் சுற்றியபோது பிரவுனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. இந்தத் தடவை கிளென் செய்தது, முதுமை பற்றிய ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுப்பதும், உடம்பில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு தூங்குவதும்.

ஒரு மாலை செலவழித்துப் பாருங்கள்: கேப்டனை இரண்டாவது நாற்காலிக்கு மாற்றி ஒரு காட்சி மட்டும் எழுதுங்கள். அவருடைய கை பழக்கத்தில் நடு நாற்காலியின் பட்டைக்குப் போகும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் அந்த ஒரு காட்சியே மிச்சக் கதையைத் தானாகத் திருத்திவிடும். மாற்ற மனசே வரவில்லை என்றால் கதையை மூன்று மாதம் அலமாரியில் போடுங்கள். நான் போட்டேன்.

அறிகுறி: கடைசியில் கேப்டன் செத்துப்போகிறார்

இருபதில் பதினைந்தில் செத்திருக்கிறார். சில நேரம் கலத்தோடு வெடிக்கிறார், சில நேரம் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடுகிறார்.

சோதனை: அவரை உயிரோடு விட்டு இன்னும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் சாவு முடிவு இல்லை, அடைப்பான். நடுவில் எங்கோ, பெரும்பாலும் இரண்டாவது தலைப்பில் சொன்ன இடத்தில், ஓட்டை இருக்கிறது. அங்கே திரும்பிப் போங்கள். எழுத ஏதாவது வந்தால் சாவை அடித்துவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்துக்காரர் மூன்று முறை கேப்டனைக் கொன்றார், மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தோம். நாலாவது முறை இறக்கிவிட்டார். விண்ணிலிருந்து திரும்பியவர்களுக்கு முதலில் நிதானம் இருக்காது; தலையைக் குனிந்தால் உலகம் சுற்றும். அவருடைய கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அவருடைய ரப்பர் செருப்பு, முப்பது வருடமாகப் போட்டுத் தேய்ந்த அதே ரகம். காலை நீட்டுகிறார், செருப்பு ஒரு சாண் தள்ளி இருப்பதுபோலத் தெரிகிறது. மறுபடி நீட்டுகிறார். வாழ்நாளெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிய என்ஜினியர், தானும் நிற்க முடியாமல், தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து செருப்பைப் பிடித்துக்கொள்கிறார். "வலது" என்கிறார். கேப்டன் வலது காலைத் தூக்குகிறார்.